கல்யாண மண்டபத்துக் கொல்லையில் புதைத்த குழாய்

பனியில் நின்று பல்லைக் காட்டிய ஒரு வெள்ளைக்காரரால்தான் எல்லாம் வந்தது. அவரை நான் நேரில் பார்த்ததில்லை. எங்கள் முதலாளி ஐரோப்பாவில் ஏதோ இயந்திரக் கண்காட்சிக்குப் போய்விட்டுக் கொண்டுவந்த விளம்பரத் தாளில் இருந்தார். கம்பளிச் சட்டை, சிவந்த மூக்கு, பின்னால் கூரைவரை பனி மூடிய வீடு. வீட்டுக்கு அடியில் மண்ணை வெட்டிக் காட்டியிருந்தார்கள். அந்த மண்ணுக்குள் ஒரு குழாய் நெளிந்து நெளிந்து போய் வீட்டுக்கே திரும்பி வந்தது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் பிரிக்பீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஏர்கண்டிஷன் கம்பெனியில் படம் வரைந்துகொண்டிருந்தேன். படம் என்றால் மயிலும் தாமரையும் அல்ல. எந்தச் சுவரில் எந்தக் குழாய் போகவேண்டும், எந்த அறைக்கு எவ்வளவு பெரிய மெஷின் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கோடு இழுக்கிற வேலை. முதலாளியைத் தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். சீனர், நல்ல மனிதர். ஆனால் வெளிநாடு போய்வந்தால் ஒரு மாதத்துக்கு அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

தாளை என் மேசைமேல் போட்டு, "செஜுக் புன் போலே, பானாஸ் புன் போலே," என்றார். மலாயில், குளிருக்கும் ஆகும், வெயிலுக்கும் ஆகும் என்று அர்த்தம். எங்கள் ஊர் கிள்ளானில் எவன் வீட்டைச் சூடாக்கச் சொல்லி அழுகிறான் என்று கேட்டேன். "அப்படியே திருப்பிப் போடு லா," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். வீட்டில் ஐஸ் பெட்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும், முன்னால் குளிரும், பின்னால் சுடும். உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிற மெஷின், அவ்வளவுதான். சாதாரண ஏர்கண்டிஷன் அந்தச் சூட்டை வெளியே தொங்குகிற பெட்டி வழியாகக் காற்றில் ஊதிவிடும். இந்தப் புது மெஷினோ சூட்டைத் தண்ணீரில் ஏற்றி, குழாய் வழியாக மண்ணுக்குள் அனுப்பி, அங்கே ஆறவைத்துத் திரும்பக் கொண்டுவரும். பனிநாட்டில் மேலே எல்லாம் உறைந்து கிடக்கும்போது மண்ணுக்குள் கொஞ்சம் வெதுவெதுப்பு இருக்கும். அப்போது மெஷினைத் திருப்பி ஓட்டினால் அந்த வெதுவெதுப்பு வீட்டுக்குள் ஏறும். நம் ஊரில் மண் ஒன்றும் மோர்ப் பானை இல்லை. ஆனாலும் மத்தியானத்தில் காற்று முப்பத்துநான்கு டிகிரியில் வேகும்போது, இடுப்பளவு தோண்டிப் பார்த்தால் மண் இருபத்தெட்டில்தான் இருக்கும். அந்த ஆறு டிகிரியை வைத்துக்கொண்டுதான் பிழைப்பு நடத்தவேண்டும்.

இதை நான் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கலாம். வாய் சும்மா இருக்காமல் வீட்டில் அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லித் தொலைத்தேன்.

அப்பா ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அதே வருஷம் அம்மா போய்விட்டாள். அதன்பிறகு அப்பா வானொலியைக்கூடத் திருகாமல் மாதக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த கோயிலில், கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். சாவிக்கொத்து இடுப்பில் ஏறிய நாளிலிருந்து மனிதர் நிமிர்ந்து நடந்தார். மண்டபத்தில் ஒரு நாற்காலி கோணலாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அந்தச் சாவிக்கொத்து இல்லாவிட்டால் அப்பா மறுபடியும் நாற்காலிக்கே போய்விடுவார் என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

மண்டபத்தின் தொல்லை வெக்கை. மின்விசிறியைப் போட்டால் ஓமத் தீ படுத்துக்கொள்ளும், அட்சதை ஐயர் மேலேயே திரும்பி விழும். போடாவிட்டால் மணப்பெண்ணின் பவுடர் வழிந்து கழுத்து வரைக்கும் வரும். ஏர்கண்டிஷன் பெட்டியைத் தொங்கவிடலாம் என்றால், கோபுரத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு பெட்டி உறுமிக்கொண்டு தொங்கக் கூடாது என்று கோயில் கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. அந்தப் பெட்டி போடும் சத்தத்தில் நாதஸ்வரக்காரர் தம் கட்டி ஊதினாலும் எடுபடாது.

நான் சொன்னதைக் கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வெளிய பெட்டி இல்லையா?"

"இல்லப்பா. எல்லாம் மண்ணுக்குள்ள."

"சத்தம்?"

"ஸ்டோர் ரூமுக்குள்ள வச்சு மூடிட்டா கேக்காது."

"அப்ப நம்ம மண்டபத்துக்குப் போட்டுருவோம்," என்றார், தேங்காய் வாங்கி வருகிற மாதிரி. "நீ கோடு போட்டுக் குடு. கமிட்டிய நான் பாத்துக்கிறேன்."

கமிட்டித் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்தவர், எந்தக் காகிதத்தையும் இரண்டு தரம் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். "பிள்ளை, பூமிக்குள்ள வெக்கையை விட்டா பூமி என்ன செய்யும் எண்டு யோசிச்சனீங்களோ?" என்று என்னைக் கேட்டார். கல்யாணம் சனி ஞாயிறில்தான், மற்ற ஐந்து நாளும் மண் படுத்து ஓய்வெடுத்து ஆறிவிடும் என்று சொன்னேன். அவருக்குப் பிடித்திருந்தது. புது மெஷினுக்கு முதல் வேலை கிடைத்த சந்தோஷத்தில் தவுக்கே எனக்கு ஒரு டின் பிஸ்கெட் கொடுத்தார்.

வேலைக்கு முன்னால் மண்ணின் சூட்டை அளக்கவேண்டும். மண்டபத்துக்குப் பின்னால் சமையல்கட்டு. அதை ஒட்டி ஒரு பெரிய கொல்லை, தளதளவென்று வாழை மரங்கள். நடுவில் ஒரு குழாயைச் செங்குத்தாக இறக்கி, நூலில் கட்டிய தெர்மோமீட்டரை உள்ளே தொங்கவிட்டேன். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அதை எடுத்துப் பார்த்து எழுதுவது அப்பாவின் வேலை. பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை வாங்கிச் சிவப்பு மையில் கோடு கிழித்தார். தேதி, டிகிரி, குறிப்பு என்று மூன்று பத்தி. சிக்னல்காரர் அல்லவா, குறிப்பு எழுதாமல் அவரால் முடியாது. "மழை." "வெயில் கடுமை." "பூனை நூலை இழுத்துவிட்டது, மறுபடி கட்டினேன்." சராசரி பார்த்தேன், இருபத்தெட்டு. அதை வைத்துக் கணக்கை முடித்தேன்.

ஆறடி ஆழம் தோண்டத் திட்டம். கிள்ளான் மண்ணுக்குத் திட்டம் எல்லாம் தெரியாது, இடுப்பளவு போனதும் தண்ணீர் ஊறிக்கொண்டு வந்தது. சரி, ஈரமண் சூட்டை நன்றாக வாங்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு அந்த ஆழத்திலேயே குழாயைப் பரப்பச் சொன்னேன். சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த பக்கம் மண் அத்தனை மெத்தென்று இருந்தது. வெட்டுகிற ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டே வெட்டினார்கள். அந்த இடம் மட்டும் ஏன் அப்படிப் பொலபொலவென்று இருக்கிறது, வாழை ஏன் அங்கே மட்டும் மதமதவென்று வளர்ந்திருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை. சுலபமாக வெட்ட வருகிறதே என்று நீளக் குழாயில் முக்கால்வாசியை அங்கேயே புதைக்கச் சொன்னேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மெஷின் ஓடியது. ஓடியது என்றால் சும்மா இல்லை. கமிட்டிக்காரர்கள் வரிசையாக வந்து காற்று வருகிற இடத்தில் கையை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று நாள் காலி மண்டபத்தில் இடைவிடாமல் ஓட்டினோம், வருகிற கூட்டத்துக்குச் சமமாக இருக்கட்டும் என்று தவுக்கே எங்கிருந்தோ வாடகைக்கு எடுத்த பெரிய விளக்குகளை எல்லாம் எரியவிட்டு ஓட்டினோம். ஒரு குறை இல்லை. அப்பா அந்த மூன்று நாளும் சட்டை மேல் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டு நடந்தார்.

முதல் கல்யாணத்தன்று காலை எட்டரைக்கு வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. "ம்மா, மெஷின் நின்னுருச்சு," என்றார் அப்பா. அவருக்குப் பின்னால் யாரோ கத்துகிற சத்தம் கேட்டது. புது ஏற்பாட்டை நம்பி ஜன்னல்களை எல்லாம் கண்ணாடி போட்டு அடைத்திருந்தோம், விசிறிகளையும் கழற்றிவிட்டோம். உள்ளே எழுநூறு பேர், ஓமப் புகை. மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு தலையைச் சுற்றுகிறது என்றாராம். அவருக்கு விசிறியது போதாமல் தவில்காரருக்கும் விசிறினார்களாம்.

திங்கட்கிழமை காலையில் போய்ப் பொத்தானை அமுக்கினேன். ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. மாப்பிள்ளை முறுக்குக் கேள்விப்பட்டிருக்கிறேன், மெஷினுக்கும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தவுக்கே அதைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார், பழுது இல்லை. நான் கணக்கை மூன்று தரம் போட்டுப் பார்த்தேன், தப்பு இல்லை. அடுத்த வார நாட்களில் எல்லாம் சமர்த்தாக ஓடிவிட்டு, இரண்டாவது கல்யாணத்தன்று மறுபடி எட்டரைக்குப் படுத்துக்கொண்டது.

கமிட்டி கூடியது. பூமாதேவி வயிற்றில் குழாயை விட்டால் அவள் சும்மா இருப்பாளா என்று ஒருவர். பெண் பிள்ளை கோடு போட்டது என்று இன்னொருவர், என் காதில் விழும்படியாகவே. அந்த மூஞ்சியை நான் இன்னும் மறக்கவில்லை. தலைவர் மட்டும் அமைதியாக, "மூண்டாம் கலியாணத்திலயும் இப்பிடி எண்டால் என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

அப்பா எழுந்து நின்றார். "மூணாவதுலயும் நின்னுச்சுன்னா, அன்னிக்கே சாவியைக் கொண்டாந்து உங்க கையில குடுத்துடுறேன் சார்."

வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் சாவிக்கொத்து சலங்கை மாதிரிக் குலுங்கிக்கொண்டே வந்தது.

அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு அப்பாவின் கொப்பியை எடுத்து முதலிலிருந்து புரட்டினேன். டிகிரிகளைத்தான் இத்தனை நாள் பார்த்திருந்தேன், குறிப்புகளைப் படித்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். இந்தத் தடவை ஓட்டைகள் கண்ணில் பட்டன. சனி ஞாயிறுகளில் டிகிரி இல்லை. பக்கத்தில், "கல்யாணம். வேலை அதிகம். எடுக்கவில்லை." திங்கட்கிழமைகளில் எல்லாம் முப்பது, முப்பத்தொன்று. குறிப்பில், "வெயில் போலிருக்கிறது." சிக்னல்காரரின் கண்ணில் கோளாறு என்று நினைத்து அந்தத் திங்கட்கிழமைகளை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கல்யாண நாளில் அந்த மண் என்ன செய்கிறது என்று அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவருக்கு வேலை. எனக்கு வேறு காரணம். நான் கல்யாணங்களுக்குப் போவதை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. முப்பத்தொரு வயது, கழுத்தில் ஒன்றும் இல்லை. மண்டபத்துக்குள் கால் வைத்தால் போதும், ஏதாவது ஒரு ஆன்டி தாடையைப் பிடித்து, "அடுத்தது உனக்குத்தான்" என்பாள். எங்கே உன் மகள் என்று கேட்பவர்களுக்கு எல்லாம் "வேலை" என்று சொல்லிவிட்டு அப்பா தனியாகக் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வருவார். கல்யாண மண்டபத்துக்கு மெஷின் போட்டுக் கொடுத்தேனே தவிர, அதில் நடக்கும் ஒரு கல்யாணத்தையும் நான் பார்க்கவில்லை.

மூன்றாவது கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்தம் ஒன்பதரைக்கு. ஏழு மணிக்கே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கைப்பையில் தெர்மோமீட்டரோடு போனேன். வாசலிலேயே ஓர் ஆன்டி பிடித்துக்கொண்டாள். "அட, வந்துட்டியா! அடுத்தது..." மீதியைக் கேட்க நிற்கவில்லை. மண்டபத்தில் கூட்டமே சேரவில்லை, ஆனால் மண்ணிலிருந்து திரும்பி வருகிற குழாயைத் தொட்டால் கை பொறுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சூடு ஏறினால் மெஷின் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். அப்படியானால் கூட்டத்தின் சூடு இல்லை. கோளாறு வெளியே இருந்தது.

கோயில் மண்டபம் என்பதால் செருப்பை வாசலில் விட்டிருந்தேன். வெறுங்காலோடு கொல்லைக்குள் இறங்கினேன். பாதம் சுட்டது.

சமையல் அண்ணனும் இன்னொருவரும் ஓர் ஆள் உள்ளே உட்காரக்கூடிய அண்டாவைக் கம்பு போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நேராக என் குழாய்க்கு மேலே வந்து நின்று, மூடியைத் துணியால் பிடித்துக் கவிழ்த்தார்கள். சோறு வடித்த கஞ்சி, புகையோடு குபுகுபுவென்று மண்ணுக்குள் இறங்கியது. நாங்கள் வெட்டி மூடிய பொலபொல மண் அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தது.

"அண்ணே, இது எத்தனாவது அண்டா?"

"ஆறு போயிருக்கும் தங்கச்சி. இன்னும் நாலு இருக்கு. பாத்திரம் கழுவுற சுடுதண்ணியும் இங்கதான்."

"எவ்வளவு நாளா இங்க ஊத்துறீங்க?"

"உங்கப்பா வந்ததுலேர்ந்து. முன்னெல்லாம் லொங்காங்லதான், அந்தச் சாக்கடையிலதான் ஊத்துவோம். அது அடைச்சுக்கிட்டு நாத்தம் அடிக்குதுன்னு, இனிமே கால்வாய்ல ஒரு சொட்டு விழக்கூடாது, வாழைக்கு ஊத்துங்கன்னு ஆர்டர் போட்டாரு. அவருகிட்ட யாரு பேசுறது?"

வருஷக்கணக்காகக் கஞ்சி குடித்து வளர்ந்த மண். அதனால்தான் மெத்தென்று இருந்தது. அதனால்தான் நான் அதைத் தேர்ந்தெடுத்தேன். சூட்டை இறக்கிவைக்க நான் பார்த்துப் பார்த்துப் பிடித்த இடத்தில், ஒவ்வொரு கல்யாணத்தன்றும் கூட்டம் சேருவதற்குள் பத்து அண்டா கொதிக்கிற கஞ்சியை ஊற்றி வைத்திருந்தார்கள். அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டுக்கும் நேரம் இல்லை.

அப்பா ஓடி வந்தார். அண்டாவைக் காட்டினேன், காலடியைக் காட்டினேன். அவர் குனிந்து மண்ணில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். பிறகு சமையல் அண்ணனைப் பார்த்து, தன் வாயால் தான் போட்ட சட்டத்தை உடைத்தார்.

"மிச்சத்தை லொங்காங்லயே ஊத்துப்பா. நாறினா நாறட்டும்."

தோட்டக் குழாயை நான் எடுத்தேன், கோயில் கிணற்று வாளியை அப்பா எடுத்தார். குழாய் போகிற வழி எனக்குத்தான் தெரியும் என்பதால் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்தக் கொல்லையைப் பச்சைத் தண்ணீரால் முக்கி எடுத்தோம். கணுக்கால் வரை கஞ்சிச் சேறு. எட்டரைக்கு நான் அசையாமல் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். ஸ்டோர் ரூமுக்குள் மெஷின் முனகிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. ஒன்பதரைக்குக் கெட்டிமேளம் கேட்டது. அப்பா வாளியைக் கீழே வைத்தார்.

தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொல்லைப்படியில் நின்றார். "என்ன நடக்குது இங்க?"

"நான்தான் சார்," என்றார் அப்பா உடனே. "கஞ்சிய இங்க ஊத்தச் சொன்னது நான்தான்." கை இடுப்புச் சாவிக்குப் போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. "கோடு போட்டது நான் சார். ஒரு கல்யாணத்துக்கும் வராம கோடு போட்டேன். வந்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். சாவிய எங்கப்பாகிட்ட கேக்காதீங்க."

அவர் என் புடவையைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், உள்ளே இருந்து வந்த குளிர்ந்த காற்றைக் கொஞ்சம் அனுபவித்தார். "சாவியை வச்சுக்கொள்ளுங்கோ," என்றார் அப்பாவிடம். "பிள்ளை இனி எல்லாக் கலியாணத்துக்கும் வரட்டும். அதுதான் தண்டனை."

கஞ்சிக்கென்று கொல்லையின் மறுகோடிக்குத் தனியாக ஒரு சிமெண்டு வாய்க்கால் கட்டினோம். வாழைகளும் அங்கே குடிபெயர்ந்தன. நான் தண்டனையை அனுபவித்தேன். தாடையைப் பிடித்த ஆன்டிகளுக்கு எல்லாம், "குளிரா இருந்தா சால்வை போட்டுக்குங்க ஆன்டி," என்று பதில் சொல்லப் பழகினேன். கடைசிப் பந்தியில் அப்பா பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அந்த மூன்றாவது கல்யாணத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, கொப்பியைத் திறந்து பார்த்தேன். முதல் தடவையாக ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக டிகிரி இருந்தது. அத்தனை களேபரத்துக்குப் பிறகும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய் நூலை இழுத்துப் பார்த்திருக்கிறார். முப்பத்திரண்டு. குறிப்பில் கஞ்சியைப் பற்றியோ சாவியைப் பற்றியோ ஒன்றும் இல்லை. சிவப்புக் கோட்டுக்குள் அடங்க, சிறிய எழுத்தில் எழுதியிருந்தார்: "கல்யாணம். மகள் வந்திருந்தாள்."